இரண்டு அணிக்கும் ஒரே குரல்

மார்கழி 2, புதன்

இது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்கு எண் சொல்லத் தெரியாது. எங்கள் சந்தில் மாரியம்மனுக்கு இரண்டாம் தடவை கும்பாபிஷேகம் ஆன வருஷம். முக்குக் கடையில் டீ பதினைந்து ரூபாய் ஆன வருஷம். மஞ்சள் மண்டியில் மூட்டை ஏற்ற பெல்ட் மெஷின் வந்து, லோடுமேன்களில் பாதிப் பேர் பெயிண்ட் அடிக்கப் போன வருஷம். ஆனியில் எங்கள் கட்சி இரண்டாக உடைந்தது. ஐப்பசியில் என் வீட்டுக்காரி பாவாயிக்கு வாதம் வந்து வலது கை விழுந்தது. அந்த வருஷம்தான் இது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், தினமும் ஏதாவது எழுதினால் விரல் திரும்பும் என்று சொன்னாள்.

“என்னத்தம்மிணி எழுதறது?” என்று பாவாயி கேட்டாள்.

“வீட்டுல நடக்கறத எழுதுங்கம்மா.”

“வீட்டுல என்ன நடக்குது? இவருதான் குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறாரு.”

அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். அவள் எட்டாவது வரை போனவள். எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசுவதை அப்படியே எழுதினால் பேரப்பிள்ளைகள் சிரிக்கும் என்று, புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி விரலை நீவி விடுகிறேன். இன்றைக்கு இவ்வளவு போதும்.

மார்கழி 3, வியாழன்

காலையில் பல் விளக்கும்போதே ஃபோன். “என் தோளோடு தோள் நிற்கும் தோழனே!” என்று பதிவு செய்த குரல். ஐம்பது வருஷம் என் தோளில் மஞ்சள் மூட்டைதான் நின்றது. இவர் எப்போது நின்றார் என்று தெரியவில்லை.

கட்சியை ஆரம்பித்த பெரியவர் போனதும், அவருடைய தம்பி ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் என்று பிரிந்துகொண்டார்கள். தம்பி அணி கட்சியை மீட்க நிதி கேட்கிறது. மருமகன் அணி கட்சியைக் காக்க நிதி கேட்கிறது. இவனிடமிருந்து மீட்பதற்கு அவன் கேட்கிறான், அவனிடமிருந்து காப்பதற்கு இவன் கேட்கிறான். இரண்டு பேருக்கும் என் நம்பர் தெரிந்திருக்கிறது. கட்சி உடைந்தபோது சட்டி பானையைப் பங்கு போட்டார்கள், என் நம்பரை மட்டும் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் வரை நான்கு தடவை வந்தது. பதிவுக் குரல் என்று தெரிந்தும் நான் பதில் சொல்லாமல் இருப்பதில்லை. “அது மெஷினுங்க, அதுகிட்டப் போயி சண்டை போடறீங்களே” என்கிறாள் பாவாயி. மெஷினாவது நடுவில் குறுக்கே பேசாமல் இருக்கிறது.

மார்கழி 5, சனி

சின்னத்தைக் கோர்ட்டு முடக்கிவிட்டதாம். முறம் சின்னம் இனி யாருக்கும் கிடையாது, வழக்கு முடிகிற வரைக்கும்.

தேர்தல் வருகிறது. நான் இத்தனை காலம் ஓட்டுப் போட்டதெல்லாம் முறத்தைப் பார்த்துத்தான். எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அது. அதையும் அழித்துவிட்டு, அதை அழித்ததற்கு வக்கீல் செலவு என்று என்னிடமே கேட்கிறார்கள்.

பாவாயிக்கு இன்று தட்டில் கொள்ளுப் பயறைக் கொட்டிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கி இன்னொரு தட்டில் போட வேண்டும், அதுதான் பயிற்சி. பாதியில் தட்டு கவிழ்ந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். எனக்கும் பயிற்சி ஆயிற்று.

மார்கழி 6, ஞாயிறு

மாரப்பனைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பாவாயிதான் “எழுதுங்க, மறைச்சு என்ன பண்றது” என்றாள்.

மாரப்பன் அவளுடைய தம்பி. அந்தியூரில் இருக்கிறான். கட்சியில் அங்கே கிளைச் செயலாளர். உடைந்தபோது மருமகன் அணிக்குப் போனான். நான் எங்கேயும் போகவில்லை. ஆனால் எங்கள் வட்டச் செயலாளர் குழந்தைவேல், தம்பி அணி ஆள், கார் கொண்டுவந்து நிறுத்தி, “சும்மா வந்து உக்காருங்க பெரியப்பா” என்று கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சால்வை போட்டார்கள். மறுநாள் பஸ் ஸ்டாண்டு எதிரில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் படத்தைப் பார்த்து, மீசை நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். “எங்கள் அணியில் இணைந்த மூத்த முன்னோடி” என்று எழுதியிருந்ததாம்.

மாரப்பன் அடுத்த பஸ்ஸிலேயே வந்தான். “என்ற கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா? அந்தியூர்ல என்ற மொகத்துல கரிய பூசிப்போட்டீங்களே!” என்றான். நான் விவரம் சொல்லியிருக்கலாம். எழுத்துத் தெரியாததால் ஏமாந்தேன் என்று மச்சினனிடம் சொல்ல வாய் வரவில்லை. “உன்ற மூஞ்சியில கரி பூசறதுக்கு எடமிருக்குதா?” என்றேன். அவன் கறுப்புதான், ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பாவாயி கொண்டுவந்து வைத்த மோரைத் தொடாமல் எழுந்து போனான். அது ஆடி மாதம்.

அப்புறம் ஐப்பசியில் இவளுக்குக் கை விழுந்தது. அவனுக்குச் சொல்லக் கூடாது என்று எனக்கும், திருப்பூரில் இருக்கும் மகளுக்கும் கட்டளை. “கை விழுந்துருச்சுன்னு கூப்புட்டா கைக்குத்தான் வருவான். எனக்கு வரமாட்டான். அவனா வரட்டும்” என்கிறாள்.

கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து பொங்கல் சீர் நின்றதில்லை. அவன் அப்பா கொண்டுவந்தார், அப்புறம் இவன். வெள்ளம் வந்த வருஷம் பரிசலில் வந்தான். இந்தப் பொங்கலுக்கு அவன் வராவிட்டால் பாவாயி என்ன ஆவாள் என்று நான் யோசிப்பதில்லை. எனக்கென்ன, வராவிட்டால் கரும்பு நானே வாங்கிக்கொள்வேன்.

மார்கழி 9, புதன்

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காற்று வாங்கினேன். வீட்டில் காற்று இல்லை. அந்தியூர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது, உட்கார வசதி. மூன்று பஸ் வந்து போயிற்று.

“இந்தக் குளுர்ல என்ன காத்து?” என்று பாவாயி கேட்டாள். இதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள்.

மார்கழி 12, சனி

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்.

பதிவுக் குரல் போக, இரண்டு அணியிலும் ஆள் வைத்தும் பேசச் சொல்கிறார்கள். காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். “வணக்கம் ஐயா, நான் தமிழரசி, தம்பி அணித் தலைமை அலுவலகத்துலேந்து பேசறேன்.” நல்ல மரியாதையான பேச்சு. காசு என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஒரு சின்ன மூச்சு வாங்கினாள், கூச்சப்பட்ட மாதிரி. அப்புறம்தான் “ஆயிரம் ரூபாய்” என்றாள்.

சாயங்காலம் மருமகன் அணி. “வணக்கம் ஐயா, நான் கவிநிலா...” பேர்தான் வேறு. ஆயிரம் வருமுன் அதே மூச்சு.

“ஏம்மணி, காலைல தம்பி, சாயங்காலம் மருமகனா?” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, “ஐயா, சத்தமா சொல்லிடாதீங்க. பேசறது எல்லாம் ரெக்கார்டு ஆவுது” என்றாள். வைத்துவிட்டாள்.

மார்கழி 13, ஞாயிறு

ஃபோன் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை போயிருக்குமோ என்று பாவாயி கவலைப்பட்டாள். எனக்கும் கொஞ்சம்.

மார்கழி 16, புதன்

வேலை போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தன்னுடைய சொந்த ஃபோனிலிருந்து கூப்பிட்டாள். பேர் எஸ்தர். ஊர் திண்டுக்கல் பக்கம், வேலை சென்னையில். ஒரே கட்டடத்தில் இரண்டு கம்பெனியாம். மாடியில் தம்பி அணி, கீழே மருமகன் அணி. காலை ஷிப்டு மேலே, சாயங்காலம் கீழே.

“ரெண்டு கம்பெனிக்கும் ஒரே ஓனருதான் ஐயா. பில்லுதான் தனித்தனி.”

“அப்ப நாங்க இங்க மண்டைய ஒடைச்சுக்கறது?”

“அதுக்கு மேல நான் ஒன்னும் சொல்லக் கூடாது ஐயா.”

சிரித்துவிட்டேன். பாவாயி ஃபோனை வாங்கி, “சாப்பிட்டயா கண்ணு?” என்று கேட்டாள். தயிர்சாதம் என்றாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையாம். அதற்கு ஒரு பாட்டம் திட்டு வாங்கினாள். நேற்று ஒருவர் அவளை என்ன சொல்லித் திட்டினார் என்று சொன்னாள், அதைப் பாவாயி எழுத மறுக்கிறாள். நியாயம்தான். கோபம் யார்மேலேயோ, வாங்கிக்கொள்வது இந்தப் பிள்ளைகள். நானும் இதுவரை எத்தனை பேரை ஏசியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி 19, சனி

குழந்தைவேல் ரசீதுப் புத்தகத்தோடு வந்தான்.

“பெரியப்பா, பொங்கலுக்கு அடுத்த நாள் நம்ம அணியில மூத்தவங்களுக்குப் பாராட்டு. மேடையில மொத நாற்காலி உங்களுக்குத்தானுங்க.”

“நாற்காலி வாடகைக்கு எவ்வளவு கேக்கறே?”

“அட, ஏனுங் இப்படிப் பேசறீங். நிதி உங்க இஷ்டமுங்க.”

பாவாயி உள்ளேயிருந்து, “தம்பி, போன தடவை கூட்டீட்டுப் போயி படம் புடிச்சீங்க. அதுல என்ற தம்பி போனான். இந்தத் தடவை இவரு போயிருவாருங்களா?” என்றாள். குழந்தைவேல் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டான். நல்ல பையன்தான். அவனுக்கு மேலே ஒருவன் கேட்கிறான், அவனுக்கு மேலே இன்னொருவன்.

மார்கழி 21, திங்கள்

கை வலிக்கிறதாம். இன்று இல்லை.

மார்கழி 22, செவ்வாய்

எஸ்தர் கூப்பிட்டாள். வீட்டில் சிக்னல் இல்லாததால் சந்து முனைக்குப் போய்ப் பேசினேன். பேச ஒன்றும் விசேஷம் இல்லை.

வீட்டில் எப்போதும் சிக்னல் இருக்கும் என்று எழுதுவேன் என்கிறாள் பாவாயி. சரி, எழுதிக்கொள்.

மார்கழி 26, சனி

வெள்ளையடித்தேன். ஒரு சுவர்தான் முடிந்தது. பாவாயி டம்ளரைப் பிடித்து முழு டீயும் குடித்தாள், வலது கையாலேயே. கடைசி மடக்கில் கொஞ்சம் சேலையில் சிந்தியது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மகள் வருகிறேன் என்றாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று அப்புறம் சொன்னாள். பரவாயில்லை. பச்சரிசி, வெல்லம் எதுவும் இன்னும் வாங்கவில்லை. பாவாயி வாங்கச் சொல்லவில்லை. சீரில் வருவதை எதற்கு வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். இந்த வருஷம் அதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு போனேன். காற்று நன்றாக இருந்தது.

மார்கழி 30, புதன். போகி

நிறைய இருக்கிறது. கை வலித்தாலும் எழுதியே தீருவேன் என்கிறாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் கரும்பு இறங்கியது, அப்புறம் மஞ்சள் கொத்து, அப்புறம் ஒரு சாக்குப் பை, கடைசியில் மாரப்பன். இளைத்திருந்தான். படியேறாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, “அக்கா, கை காட்டு” என்றான்.

பாவாயி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். “கையப் பாக்கத்தான் வந்தியா?”

“சொல்லோணும்னு தோணலையா அக்கா உனக்கு? நான் செத்தா போயிட்டேன்?”

“உனக்கு எவன் சொன்னான்?”

மாரப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். “தலைமை அலுவலகம் சொல்லுச்சு! போன வாரம் கூப்புட்டாங்க. எப்பவும் போல நிதிதான்னு நெனச்சு எடுத்தேன். ‘மாரப்பன் ஐயாங்களா, உங்க அக்கா பாவாயி அம்மாளுக்கு வலது கை வரலை, பொங்கலுக்குள்ள போய்ப் பாருங்க’ன்னு ஒரு அம்மணி சொல்லுச்சு. காசே கேக்கலை. மாமா, நாப்பது வருசமாக் கட்சியில இருக்கறேன். கட்சி என்னையக் காசு கேக்காமக் கூப்புட்டது இதுதானுங்க மொதத் தடவை.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “தொண்டன் வீட்டுச் சேதி வரைக்கும் வெச்சிருக்கறாங்க பாருங்க. இத உங்க தம்பி அணிக்காரனால பண்ண முடியுமா?”

பாவாயி என்னைப் பார்த்தாள். நான் கரும்பைச் சுவரில் சாத்தப் போனேன்.

“அப்பக் கைக்குத்தான் வந்திருக்கறே” என்றாள் அவனிடம். குரல் இறங்கிவிட்டது. நான் செய்த வேலை இப்படியா முடிய வேண்டும் என்று நினைத்தேன்.

மாரப்பன் படியில் உட்கார்ந்தான். “இல்லக்கா. கை சேதி தெரியறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை வந்தேன். கார்த்திகை தீபத்துக்கு ஒருக்கா. மார்கழி பொறந்து ஒருக்கா. பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி திரும்புது, பாத்தா எங்க பஸ் நிக்கற எடத்துக்கு நேரா மாமா உக்காந்திருக்கறாரு. மொறைச்சுட்டு உக்காந்திருக்கறாரு. வழி மறிச்சு, எறங்கறவனக் கேவலமாப் பேசி அனுப்பத்தான் உக்காந்திருக்கறாருன்னு நெனச்சேன். எறங்காம அப்படியே அதே வண்டியில திரும்பிட்டேன்.”

எனக்குக் கண் சரியாகத் தெரியாது. எந்த பஸ்ஸில் யார் இருக்கிறார்கள் என்று சுருக்கிச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். அது முறைப்பு மாதிரி இருந்திருக்கும் போல.

“அங்க அவரு காத்து வாங்கப் போனாரு” என்றாள் பாவாயி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையில் முடிந்தது. அப்புறம் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவன் ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டிப் பார்த்தான்.

“கைக்கு முன்னாலயே வந்திருக்கான்” என்று என்னிடம் சொன்னாள். ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

அவன் கால் கழுவப் போனதும், “நீங்களா சொன்னீங்க?” என்று கேட்டாள். “மாரப்பங்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலை” என்றேன். அது உண்மை. “செரி” என்றாள். “அந்த எஸ்தர் புள்ளைக்கு எள்ளுருண்டை அனுப்போணும். அட்ரஸ் கேட்டு வெய்யுங்க.”

மோர் கொடுத்தாள். குடித்தான். இன்னொன்று கேட்டான்.

நாளைக்குப் பொங்கல். நாளைக்கு எழுத நேரம் இருக்காது.

தை 2, வெள்ளி

காலையில் குழந்தைவேல் சால்வையோடு வந்தான். மாரப்பன் இங்கே இருப்பான் என்று அவனுக்குத் தெரியாது. ஒரே வாசலில் இரண்டு கரை வேட்டி.

“பெரியப்பா, வண்டி நிக்குதுங்க. மேடைக்கு வாங்க.”

“மாமா எங்கயும் வரமாட்டாரு. வந்தா எங்க மேடைக்குத்தான் வருவாரு. அந்தியூர்ல அவருக்குன்னே ஒரு கூட்டம் போட்டிருக்கறேன்” என்றான் மாரப்பன். அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை, அந்த நிமிஷம்தான் போட்டான்.

“ஏனுங் அண்ணா, மொத மொதல்ல இந்த மண்டியில கட்சி ஆரம்பிச்சவரு எங்க வட்டத்துல இருக்கறாரு. அவரு நிக்கற பக்கந்தான் நெசமான கட்சி.”

“அவரு என்ற அக்கா வீட்டுக்காரரு. நெசமான கட்சி எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. சந்தில் ஆள் சேர ஆரம்பித்தது. பாவாயி மாரப்பனுக்கு இலை போட்டிருந்தாள். அவன் சண்டையோடு இன்னொரு தடவை சாப்பிடாமல் எழுந்து போய்விடுவானோ என்று, கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

“ரெண்டு பேரும் உக்காருங்க” என்றேன். “குழந்தைவேலு, நீயும் உக்காரு. இன்னொரு இலை போடு பாவாயி. மொத ஆளு நான் இல்லை. அன்னிக்கி நான் ஊர்லயே இல்லை. கொச்சிக்கு லோடு போயிருந்தேன்.”

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சொன்னேன்.

மண்டிக்கு எதிரில் கொடி ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஏழு லோடுமேன்கள். மூங்கில் கிடைத்தது, கொடி கிடைத்தது. குழி வெட்டி மூங்கிலை நட்டு மண்ணை மிதித்துக் கெட்டித்த பிறகுதான், கொடியைக் கட்ட மறந்தது தெரிந்திருக்கிறது. ஏழு பேரும் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குகிறவர்கள், ஆனால் ஏறத் தெரிந்தவன் ஒருவன் இல்லை. மண்டிக்காரர் ஏணி தரமாட்டார். மறுபடி பிடுங்கினால் சகுனம் சரியில்லை என்றார்கள். அப்போது உள்ளே மஞ்சள் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒரு சின்னப் பெண் வெளியே வந்து, “குனிங்க” என்றிருக்கிறாள். அவ்வளவு பெரிய ஆட்கள் குனிந்திருக்கிறார்கள். ஒருவன் தோள்மேல் இன்னொருவன், அவன் தோள்மேல் அவள். அங்கே நின்று கொடியைக் கட்டி முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

நான் கொச்சியிலிருந்து வந்து லாரியை விட்டு இறங்கினேன். கொடி பறந்துகொண்டிருந்தது. அவ்வளவு உயரத்தில் யார் கட்டினார்கள் என்று கேட்டேன். ஒரு பேரைச் சொன்னார்கள். கொள்கை என்ன, தலைவர் யார் என்று எதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் பேரைக் கேட்டுத்தான் நான் கட்சியில் சேர்ந்தேன்.

மாரப்பன் வாயில் வைத்த சோற்றை மென்றபடி அக்காவையே பார்த்தான். அவனுக்கு அப்போது எட்டு வயது, தெரியாது. குழந்தைவேல் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, “அந்த ஏழு பேரும் இப்ப எங்கீங்க பெரியப்பா?” என்றான்.

அடியில் குனிந்து நின்ற தொப்பையன், மஞ்சள் காமாலையில் போனான். அவன் தோளில் நின்ற சூசை, மகள் கல்யாணத்துக்கு மறுநாள். காதர் பாய் நாகூர் போன இடத்தில். பொங்கியண்ணன் லாரியில் அடிபட்டு. அய்யாவு குடித்தே போனான், நல்ல பாட்டுக்காரன். சின்னக்குட்டி எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது, பதினாறாம் நாள் காரியம் மட்டும் செய்தார்கள். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு “பாத்து, பாத்து” என்று கத்திக்கொண்டிருந்த ராக்கியண்ணன் என் மாமனார். என் கையில்தான் போனார்.

இதை இப்போது சொல்லச் சொல்ல, பேனாவை வைத்துவிட்டாள். அடுத்ததை எழுத மாட்டாளாம், வெட்கமாக இருக்கிறதாம். இந்த வயதில் என்ன வெட்கம். எழுது என்று சொல்லி விரலை நீவி விட்டேன்.

அன்றைக்குக் கொடிக்கு அடியில் இருந்தவர்களில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள். பாவாயி.